நாற்பதிலும் பல்லுக்கு க்ளிப் போடலாம்... ஆனால், மாசாமாசம் போக முடியுமா?

பதினான்கு வயதுப் பிள்ளை “பல்லுக்கு க்ளிப் போடணும்” என்றால் வீட்டில் யாரும் மறுப்பு சொல்வதில்லை. எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி. அதையே முப்பத்தைந்து வயது அம்மா சொல்லிப் பார்க்கட்டும். “இந்த வயசுல எதுக்கு?” என்பார் கணவர். “ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே யாருகிட்ட காட்டணும்?” என்பார் மாமியார். “அதோட ஸ்கூலுக்கு மட்டும் வந்துடாதம்மா” என்று மகள் கெஞ்சுவாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அதைச் சுற்றி மற்ற அலுவலகங்கள், அலுவலகங்களை நம்பிய கடைகள், வாடகை வீடுகள். இங்கே காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்புகிறவர்களில் முப்பதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பள்ளியில் படித்த காலத்தில், பல்லுக்குக் கம்பி என்பது பெரும்பாலும் பெரிய ஊர்க்காரர்கள் சமாசாரம். பல் வலித்தால் பிடுங்குவார்கள், கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். இன்று சம்பளம் கையில் வரும்போது அந்தப் பழைய ஆசை எட்டிப் பார்க்கிறது. தெத்துப்பல் சிலருக்கு அழகு என்று சினிமா சொல்லும். ஆனால், குரூப் போட்டோவில் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். பல்லைக் கம்பி கட்டி நகர்த்துவதற்கு மேல்வயது வரம்பு கிடையாது. நாற்பதிலும் செய்யலாம், ஐம்பத்தைந்திலும் செய்யலாம். எனவே, ‘எனக்கு வயசு ஆயிடுச்சா?’ என்று கேட்பதைவிட, ‘என் ஈறு எப்படி இருக்கு?’, ‘ரெண்டு வருஷம் விடாம டாக்டர்கிட்ட போக முடியுமா?’ என்ற இரண்டையும் கேட்பதுதான் பலன் தரும். இவற்றில் இரண்டாவது கேள்வியை பல்லில் க்ளிப் ஏறிய பிறகுதான் பலரும் யோசிக்கிறார்கள்.

பல் எப்படி நகர்கிறது?

பல் என்பது தாடை எலும்பில் சிமென்ட் போட்டு நட்ட கம்பம் அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். பல்லை ஒரு பக்கமாக லேசாக, ஆனால் விடாமல் தள்ளினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார் இழுபடும்போது, புது எலும்பை உருவாக்கும் செல்கள் வந்து இடத்தை நிரப்புகின்றன. இப்படி முன்னால் கரைந்து பின்னால் வளர்ந்து, சுமாராக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பல் நகர்கிறது. எலும்பு இப்படிக் கரைவதும் வளர்வதும் உயிர் உள்ளவரை நடப்பதுதான். பெரியவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாக நகரும், வலியும் சற்று அதிகம் தெரியலாம். அவ்வளவுதான்.

வேகமாகத் தள்ளினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். ஆகாது. அழுத்தம் அதிகமானால் அந்த நார்ப்படலத்துக்கு ரத்த ஓட்டம் நின்று, பல் நகர்வதே தடைப்படும். வேரின் நுனி தேய்ந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. ‘ஆறே மாசத்தில் பல்வரிசை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், முன்பற்களை மட்டும் நேராக்கப் போகிறார்களா, கடிக்கும் விதத்தையும் சரிசெய்யப் போகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உண்மையான வித்தியாசம் தாடையில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் திசைதிருப்பலாம். முப்பதில் அது முடிந்துபோன கதை. பல் மட்டும் எத்திக்கொண்டிருந்தால் கம்பி போதும். தாடையே முன்னுக்கோ பின்னுக்கோ இருந்தால், பல்லை நகர்த்தி ஓரளவு மறைக்கலாம், அல்லது அறுவை சிகிச்சை வரை போகவேண்டும். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

நெரிசலான பற்களுக்கு இடம் வேண்டும். அதற்காகச் சிலருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்களை எடுக்கச் சொல்வார்கள். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கடைவாய்ப் பற்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் இடத்தைத் தரும். “நல்ல பல்லைப் போய் பிடுங்குவாங்களா? மேல்பல்லை எடுத்தா கண்ணு போயிடும்” என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுத்து யாருக்கும் பார்வை போவதில்லை. ஆனால், எதற்காக நான்கு பல், எடுக்காமல் முடியுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பற்களின் பக்கவாட்டில் மிக லேசாகத் தேய்த்து இடம் உண்டாக்குவதே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

ஈறுதான் முதலில்

நாற்பது வயதுக்காரர் ஒருவர் இப்படி நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘கல்யாண ஆல்பத்துல பல்லு வரிசையா இருக்கு. இப்ப முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து விழுந்திருக்கு. க்ளிப் போட்டு மூடிடலாம்.’ இங்கேதான் கவனம் வேண்டும். வளர்ந்த பிறகு புதிதாக விழும் சந்து பல நேரங்களில் ஈறு நோயின் அறிகுறி. பல்லைத் தாங்கும் எலும்பு உள்ளுக்குள் கரைந்து, பிடிமானம் குறைந்த பற்கள் விசிறிபோல் முன்னால் விரிகின்றன. அந்த நிலையில் ஈறைக் கவனிக்காமல் கம்பியை மாட்டினால் மிச்சமிருக்கும் எலும்பும் வேகமாகப் போகும். ஈறு சிகிச்சை முடிந்து, ரத்தக்கசிவு நின்று, நோய் அடங்கிய பிறகு கம்பி கட்டலாம். எலும்பு குறைந்தவர்களுக்கும் மென்மையான அழுத்தத்தில் செய்ய முடியும். முறை மாறக்கூடாது, அவ்வளவே.

‘க்ளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சுடும்’ என்று பயந்து ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே ஆடும் பல்லை, சுற்றிப் படிந்த காரைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. குற்றவாளி காரைதான், சுத்தம் அல்ல.

சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் இருப்பது அவசியம். புகை, புகையிலை பழக்கம் இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும். எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், அதன் பெயரைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டவேண்டும். அவற்றில் சில வகைகள், பல் நகர்வதற்குத் தேவையான அந்த எலும்புக் கரைப்பையே தடுப்பவை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அந்த மாதங்களில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம், க்ளிப் இருந்தால் சுத்தம் செய்வது இன்னும் கடினம்.

பெரியவர்கள் க்ளிப் போட அழகு மட்டும் காரணம் என்று நினைக்கவேண்டாம். எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் இடம் காலியாகவே இருந்தால், பக்கத்துப் பல் அந்தக் குழியை நோக்கிச் சாய்ந்துவிடும். அங்கே புதுப்பல் கட்டவோ இம்ப்ளான்ட் வைக்கவோ போகும்போது இடம் போதாது. சாய்ந்ததைக் கம்பியால் நிமிர்த்திய பிறகுதான் அடுத்த வேலை.

கம்பி போட்ட கதாநாயகி

“எல்லாரும் என் வாயையே பார்ப்பாங்க” என்ற கூச்சத்துக்கு தொலைக்காட்சியும் ஒரு காரணம். 1999-ல் கொலம்பியாவில் ஒளிபரப்பான ஒரு தொடரில், ‘அழகில்லாத’ நாயகி பெட்டிக்குத் தடித்த கண்ணாடியும் பல்லில் கம்பியும்தான் அடையாளம். அதன் இந்தி வடிவம் 2003-ல் சோனி தொலைக்காட்சியில் வந்த ‘ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹி’. மோனா சிங் அதே கண்ணாடி, அதே கம்பியோடு வந்தார். அமெரிக்காவிலும் 2006-ல் ‘அக்லி பெட்டி’ என்று வந்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை அழகற்றவளாகக் காட்ட மூன்று நாட்டுக்காரர்களும் கம்பியையே நம்பினார்கள். பல்லைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியையே குறையாகக் காட்டியது விசித்திரம்தான். இதற்கு நடுவே 2002-ல், நாற்பது வயதில் பல்லில் க்ளிப்போடு கேமராக்கள் முன்னால் சிரித்தவர் டாம் குரூஸ்.

வெளியே தெரியாத க்ளிப் பிறந்ததும் வயது வந்த ஒருவரின் அலுப்பில் இருந்துதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ படித்த ஸியா சிஷ்டி, பெரியவரான பிறகு கம்பி கட்டிக்கொண்டவர். கம்பியை எடுத்த பிறகு போடும் ரீட்டெய்னரைச் சில நாள் மறந்துவிட்டு, மறுபடி மாட்டும்போது, லேசாக நகர்ந்திருந்த பல்லை அந்த பிளாஸ்டிக் மறுபடி இடத்துக்குக் கொண்டுவருவதைக் கவனித்தார். அப்படியென்றால் வரிசையாகப் பல பிளாஸ்டிக் அச்சுகளை மாற்றி மாற்றிப் போட்டே பல்லை நகர்த்தலாமே! உடன் படித்த கெல்சி வெர்த்தும் சேர, 1997-ல் அலைன் டெக்னாலஜி நிறுவனம் தொடங்கியது. 1998-ல் ‘இன்விசலைன்’ அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

இன்று ‘அலைனர்’ என்று பல நிறுவனங்கள் விற்கின்றன. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அதைப் போட்டிருக்கவேண்டும். சாப்பிடவும், தண்ணீர் தவிர வேறு எதைக் குடிக்கவும் கழற்றவேண்டும். அலுவலகத்தில் மணிக்கொரு டீ குடிப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளலாம். விலை, உலோகக் கம்பிக்குச் சில பத்தாயிரங்கள் என்றால், அலைனருக்கு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். பல்நிறத்தில் வரும் செராமிக் க்ளிப் இரண்டுக்கும் நடுவில். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் இதற்குப் பணம் கிடைக்காது.

மருத்துவரையே பார்க்காமல், வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பி அலைனரை கூரியரில் பெறும் வழியும் வந்தது. அதில் பெரிய பெயரான அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப், 2023 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டது. பாதி நகர்ந்த பல்லோடு இருந்த வாடிக்கையாளர்கள் நட்டாற்றில் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறைத் தொட்டுப் பார்க்காமல் பல்லை நகர்த்தலாம் என்று யார் சொன்னாலும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

தூரம் என்ற கணக்கு

கம்பி கட்டுவது ஒருநாள் வேலை. அதன் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகவேண்டும், ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் வரை, சிலருக்கு அதற்கும் மேல். அதாவது சுமார் இருபது தடவை. நடுவில் க்ளிப் பிய்ந்தாலோ, கம்பி கன்னத்தைக் குத்தினாலோ கூடுதலாக ஓடவேண்டும். வேங்கிக்காலில் இருப்பவருக்கு இந்த இருபது தடவை எங்கே என்பதுதான் பணத்தைவிடப் பெரிய கேள்வி.

சிறிய ஊர்களில் இருக்கும் பல் கிளினிக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளினிக் நடத்துபவர் பொதுப் பல் மருத்துவராக இருப்பார். பல் சீரமைப்பு நிபுணர், அதாவது பி.டி.எஸ் முடித்து ஆர்த்தோடான்டிக்ஸில் மூன்று வருடம் எம்.டி.எஸ் படித்தவர், மாதத்தில் குறிப்பிட்ட நாளில் வெளியூரிலிருந்து வந்து போவார். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த நிபுணர் யார்? மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? அவர் வராத நாளில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள்? அவர் வருவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கூடவே, ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரே, போட்டோ, பல் அச்சு, சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாதியில் ஊர் மாறினாலும், புது மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் ஆதாரம். பல்லைப் பார்த்து மட்டும், முன்பு எங்கே இருந்தது, எங்கே கொண்டுபோக நினைத்தார்கள் என்று இன்னொருவரால் சொல்ல முடியாது.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அரசுக் கல்லூரிகளை நாடலாம். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கம்பி கட்டுகிறார்கள். காத்திருப்பு அதிகம், செலவு குறைவு. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி 2024 மே மாதத்தில் வந்தது. வேலூர் வரை ஓடிய சென்னை கடற்கரை ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. விடியற்காலையில் ஏறினால் கடற்கரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தமான கோட்டை நிலையத்துக்குப் போனால் கல்லூரி எதிரிலேயே இருக்கிறது. மாலை ரயிலில் திரும்பி வீடு சேர நள்ளிரவாகிவிடும். ஒருமுறை போவது சரி. இருபது முறை போவதற்கு எத்தனை நாள் லீவு, வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்ட மேற்படிப்பு நிலையமும், சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்து இப்போது அரசு வசமான கல்லூரியும் உள்ளன. இவற்றில் புதுச்சேரி பக்கம்.

உள்ளூரிலேயே பார்ப்பவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. மாதம் ஒரு அப்பாயின்ட்மென்ட், மாதம் ஒரு பௌர்ணமி. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால், கிரிவலக் கூட்டத்திலும் மாற்றிவிட்ட பாதையிலும் நகர முடியாமல் நிற்கவேண்டியதுதான். தேதி வாங்கும்போதே காலண்டரைப் பார்த்துக்கொள்வது உள்ளூர் சாமர்த்தியம்.

பாதியில் விடுவதுதான் இதில் பெரிய நஷ்டம். கல்யாணம் நிச்சயமானதும் “போட்டோல கம்பி தெரியக் கூடாது” என்று கழற்றச் சொல்பவர்கள் உண்டு. பல் எடுத்து இடம் மூடும் கட்டத்தில் கழற்றினால், சந்தும் மூடாமல், பல்லும் நேராகாமல் நிற்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். விசேஷ நாளுக்கு முன்பற்களில் மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். மாற்றல் வரக்கூடிய அரசு ஊழியர்களும், வெளிநாடு போகக் காத்திருப்பவர்களும் அப்படியே.

மல்லாட்டையும் முறுக்கும்

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருவண்ணாமலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மல்லாட்டை விளையும் மாவட்டம் இது. அவித்த மல்லாட்டைக்குத் தடையில்லை. வறுத்தது, கடலை மிட்டாய், முறுக்கு, சீடை, கரும்பு ஆகியவை க்ளிப்பைப் பெயர்த்துவிடும். ஒரு க்ளிப் பெயர்ந்தால் அந்தப் பல் அன்றிலிருந்து நகராது, சில சமயம் திரும்பவும் ஓடிவிடும். கம்பியை முறுக்கிய முதல் இரண்டு மூன்று நாள் இட்லியே கடினமாகத் தெரியும். ரசம் சாதம், கூழ், மோர் என்று ஓட்டவேண்டியதுதான். கன்னத்தில் உரசும் இடத்துக்கு ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுப்பார்கள், அதைப் பையிலேயே வைத்திருங்கள். கீரையும் கொத்தமல்லியும் கம்பியில் சிக்கும் என்பதால், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிரஷ்ஷும் சின்னக் கண்ணாடியும் தேவைப்படும். நாதஸ்வரம் வாசிப்பவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது உத்தமம். உதடு அழுந்தும் இடத்தில்தான் கம்பி இருக்கும்.

கம்பியை எடுத்த நாளோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஈறில் இருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும், வயதாக ஆகப் பற்கள் தாமாகவும் மெல்ல நெருங்கும். அதனால்தான் ரீட்டெய்னர். முதல் சில மாதங்கள் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும். எத்தனை வருடம் என்றால், பல் நேராக இருக்கவேண்டும் என்று நினைக்கும் வரை. சிலருக்குப் பல்லின் உட்புறம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள்.

கழற்றும் வகை ரீட்டெய்னரை வெந்நீரில் கழுவக்கூடாது, வளைந்துவிடும். அதற்கென்று கொடுக்கும் டப்பாவை எப்போதும் கையோடு வைத்திருக்கவேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரம் வைத்துவிட்டு, கடைசியில் இலையோடு சேர்த்து மடித்துவிட்டு எழுந்துபோனால், மறுபடி அச்செடுத்துப் புதிதாகச் செய்யப் பணம் கட்டவேண்டும். அது தயாராகும் வரை பல் சும்மா இருக்காது.